டாக்டர் ஆபரேஷன் என்கிறார், பேப்பரில் வேறு மாதிரி போட்டிருக்கிறதே? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 27 வருடம் சேலத்தில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்று இப்போது அம்மாபேட்டையில் இருக்கிறேன். எங்கள் தெருவில் யாருக்காவது டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால், ஸ்கேன் கவரை ஒரு கையிலும் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஏற்காட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போனால் அங்கேயும் காபித் தோட்டத்து ஆட்கள் நாலு பேராவது திண்ணையில் காத்திருப்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் உடம்புக்கு என்ன செய்வது என்பதை உங்களைத் தொட்டுப் பார்த்த டாக்டரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒரு ஆராய்ச்சிச் செய்தியை எப்படிப் படிப்பது, படித்துவிட்டு அவரிடம் என்ன கேட்பது என்பதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

"புதிய ஆராய்ச்சியில் தெரிய வந்தது" என்று போடுகிறார்களே, அதில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். ஆபரேஷன் செய்துகொண்ட 100 பேரில் 80 பேருக்கு வலி குறைந்தது என்று போட்டிருந்தால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் செய்யாமலே விட்டிருந்தால் அந்த 100 பேரில் எத்தனை பேருக்குக் குறைந்திருக்கும் என்று தெரியாதவரை அந்த 80-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாமல் போன அன்றைக்குத்தான் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், அதனால் அதற்கப்புறம் வைத்தியம் செய்தாலும் செய்யாவிட்டாலும் பல பேருக்குக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

அதனால்தான் நல்ல ஆராய்ச்சியில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பார்கள். சாயப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே கட்டு நூலைப் பாதியாகப் பிரித்து இரண்டு சாயம் போட்டுப் பார்த்தால்தான் எது நிற்கிறது என்று தெரியும், வேறு வேறு நூலில் போட்டால் நின்றது சாயத்தாலா நூலாலா என்று சொல்லவே முடியாது. அடுத்ததாக, யாரை வைத்துச் செய்தார்கள், எத்தனை மாதம் கவனித்தார்கள் என்று பாருங்கள். எலியை வைத்துச் செய்ததாக இருந்தால் உங்கள் ஆபரேஷனுக்கும் அதற்கும் இப்போதைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, மடித்து வைத்துவிடலாம்.

முட்டி தேய்ந்திருக்கிறது, உள்ளே கேமரா விட்டுக் கழுவிச் சுத்தம் செய்தால் வலி போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் சேலம் குகைப் பகுதியில் தறி நெய்தவர். முப்பது வருடம் குழியில் கால் வைத்து மிதித்த முட்டி. 2011-ல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆர்த்ராஸ்கோப்பி செய்து கழுவிவிடலாம் என்றார்கள். என்னிடம்தான் கேட்டார், நானும் சின்ன ஆபரேஷன்தானே, போய்ச் செய்துகொள் அண்ணா என்றேன். அண்ணியின் வளையலை அடகு வைத்துச் செய்தார்கள். ஆறு மாதம் பரவாயில்லை, அப்புறம் பழைய வலி அப்படியே வந்துவிட்டது. அதே விஷயத்தை வைத்து அமெரிக்காவில் ஹூஸ்டனில் ஒரு ஆராய்ச்சி நடந்து, 2002-லேயே முடிவு வெளியாகியிருந்தது என்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும்.

முட்டித் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், ஒரு பிரிவினருக்குக் கழுவி மட்டும் விட்டார்கள், மூன்றாவது பிரிவினருக்குத் தோலில் கீறித் தையல் போட்டதோடு சரி, உள்ளே எதுவுமே செய்யவில்லை. இப்படியும் நடக்கலாம் என்று முன்னாடியே சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் சேர்த்திருந்தார்கள். இரண்டு வருடம் கவனித்ததில் மூன்று பிரிவுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. 2013-ல் பின்லாந்தில், வயதால் ஜவ்வு கிழிந்திருந்த 146 பேரை வைத்து இதே மாதிரி செய்தார்கள், ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில் அங்கேயும் அதே முடிவுதான். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் 2017-ல் பிரிட்டனின் பிஎம்ஜே மருத்துவ இதழில் ஒரு நிபுணர் குழு, தேய்மான முட்டி உள்ள கிட்டத்தட்ட யாருக்குமே இந்த ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத்திச் சொன்னது.

விளையாடும்போது அடிபட்டு ஜவ்வு கிழிந்த பையனுக்கும், முட்டி மடங்கிப் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாதவருக்கும் கணக்கு வேறு. தேய்மானத்துக்கு என்று சொன்னால் மட்டும், தொடைத் தசைக்கான பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்கிறேன் என்று டாக்டரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் மூட்டு மாற்று ஆபரேஷனும் வீண்தானா?

இல்லவே இல்லை. அண்ணன் கதையைச் சொன்னதும் எல்லோரும் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. டென்மார்க்கில் 100 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2015-ல் வந்தது. பாதிப் பேருக்கு முட்டி மாற்றிவிட்டு 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமல் அதே பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரை. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் தேறியிருந்தார்கள், ஆனால் மாற்றிக்கொண்டவர்களின் முன்னேற்றம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே சமயம் ரத்தக் கட்டு, முட்டி இறுகிப்போவது மாதிரி பெரிய தொந்தரவுகளும் அந்தப் பக்கம்தான் அதிகம். பயிற்சி மட்டும் செய்த 50 பேரில் 13 பேர்தான் அந்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: தூக்கம் கெடுகிற அளவு வலி இருந்து, பயிற்சியும் செய்து பார்த்துவிட்டீர்கள் என்றால் முட்டி மாற்றுவது நல்ல வைத்தியம். இன்னும் பயிற்சியே ஆரம்பிக்கவில்லை என்றால் அவசரம் வேண்டாம். அண்ணன் 2018-ல் மாற்றிக்கொண்டார், இன்றைக்கு அவரே நடந்து போய்க் காய்கறி வாங்கி வருகிறார்.

அப்பெண்டிக்ஸுக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆன்டிபயாடிக் போதும் என்று செய்தி வந்ததே?

வந்தது, உண்மையும்தான், ஆனால் பாதியைத்தான் தலைப்பில் போட்டார்கள். பின்லாந்தில் 530 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியில் (2015) ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தவர்களில் ஒரு வருடத்துக்குள் 100-க்கு 27 பேருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது, ஐந்து வருடம் கவனித்தபோது அது 39 ஆகிவிட்டது. 2020-ல் அமெரிக்காவில் 1,552 பேரை வைத்துச் செய்ததில் 90 நாளைக்குள்ளேயே 100-க்கு 29 பேர் தியேட்டருக்குப் போனார்கள். குடல்வாலுக்குள், அதாவது அப்பெண்டிக்ஸுக்குள், சின்னக் கல் மாதிரி அடைப்பு இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 41 பேர்.

அதனால் ஸ்கேனில் குடல்வால் வெடிக்கவில்லை, கல் அடைப்பும் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு மருந்து ஒரு நியாயமான வழி. பத்தில் ஏழு பேர் முதல் வருடத்தைக் கத்தி இல்லாமல் தாண்டிவிடுகிறார்கள், அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேலம் ஊருக்குள் அஸ்தம்பட்டியில் இருப்பவருக்கு மறுபடி வலி வந்தால் ஆட்டோ பிடித்துப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். சேர்வராயன் மலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஊரில், ராத்திரி மழையில் வலி வந்து, முதலில் ஏற்காடு வந்து, அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வந்து சேலம் சேர வேண்டும் என்றால் அந்த 100-க்கு 29 என்பதன் எடையே வேறு. போன வருடம் ஒரு தோட்டத்துப் பையனுக்கு இந்தக் காரணத்துக்காகவே எடுத்துவிடுவது நல்லது என்று நான் நினைத்தேன், டாக்டரும் விசாரித்துவிட்டு அதையேதான் சொன்னார். வீடு எங்கே, இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், ஓபி கூட்டத்தில் அவருக்கு அதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

வயிற்று வலி வந்தவுடன் மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வது இதில் சேராது. அந்த ஆராய்ச்சிகளில் எல்லோருக்கும் முதலில் ஸ்கேன் செய்து உறுதி செய்துகொண்டார்கள்.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கல் இருக்கிறது என்றார்கள். எடுத்துவிடட்டுமா?

ஒரு தொந்தரவும் இல்லாத கல்லை, பெரும்பாலானவர்களுக்கு அப்படியே விட்டுவிடலாம். பல பேர் கடைசிவரை அந்தக் கல்லோடே நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு வலது பக்கம் மேல்வயிற்றில் பிடித்து இழுக்கிற வலி வந்திருந்தால் பேச்சு வேறு. அந்த மாதிரி வலி வந்து போன, மற்றபடி சிக்கல் இல்லாத 434 பேரை வைத்து பிரிட்டனில் செய்த ஆராய்ச்சி 2023-ல் வெளியானது. உடனே ஆபரேஷன் என்று ஒரு பிரிவு, பொறுத்துப் பார்க்கலாம் என்று ஒரு பிரிவு. 18 மாதம் முடிந்தபோது இரண்டு பக்கமும் வலி ஒரே அளவில்தான் இருந்தது, பொறுத்துப் பார்த்தவர்களில் நாலில் ஒருவர்தான் அதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்.

18 மாதம்தான் என்பதையும் பாருங்கள், பித்தக் கல் பத்து வருடம் கழித்தும் வேலை காட்டும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, முதுகுவரை பரவும் கடும் வலி, இதில் ஏதாவது ஒன்று வந்தால் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்பாவுக்கு ஹெர்னியா, வலி இல்லை. தள்ளிப் போடலாமா?

ஆண்கள் என்றால், ஹெர்னியா, அதாவது குடலிறக்கம், தொடை இடுக்கில் இருந்து, படுத்தால் உள்ளே போகிறது, வலியும் இல்லை என்றால் தள்ளிப் போடலாம். 2006-ல் அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்துச் செய்ததில், காத்திருந்தவர்களுக்குக் குடல் சிக்கி அவசரமாவது ரொம்ப அபூர்வமாகத்தான் நடந்தது, வருடத்துக்கு 1,000 பேரில் 2 பேருக்கும் குறைவு. ஆனால் அதே ஆட்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்தபோது மூன்றில் இரண்டு பேர் வலி வந்து எப்படியும் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். அதனால் தள்ளிப் போடலாம், தப்பிப்பது கஷ்டம். தறிக்கு லீவு விடுகிற மாதம், பேத்தி கல்யாணம் முடிந்த பிறகு என்று உங்களுக்குத் தோதான நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு அந்த இடத்தில் வரும் ஹெர்னியா சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம், அவர்கள் காத்திருக்க வேண்டாம்.

கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள், விட்டால் கேன்சர் வந்துவிடும் என்றார்கள். வயது 36. என்ன செய்வது?

இதைக் கேட்டு என்னிடம் வந்த பெண்களின் கணக்கு எனக்கே தெரியாது. ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்ப்பவர்கள், கொலுசுப் பட்டறையில் பற்ற வைப்பவர்கள், தோட்டத்தில் மிளகு பறிப்பவர்கள். மாதவிடாயில் அதிகம் படுகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, இரண்டு குழந்தை ஆகிவிட்டது, இனி எதற்கு அது என்று வீட்டிலும் சொல்வார்கள். எதற்கு என்று கேட்க வேண்டியது அந்தப் பெண்தான், வேறு யாரும் இல்லை.

கேன்சர் வந்துவிடும் என்ற பயத்துக்காக மட்டும் எடுக்கக் கூடாது. வெள்ளைப்படுதலுக்காக எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமா என்ற பயம் இருந்தால், 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஜி.எச்.சிலும் இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள், சில நிமிட வேலை, முதலில் அதைச் செய்யுங்கள்.

அதிக ரத்தப் போக்குக்கு மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் வளையம் இருக்கிறது. காப்பர்-டி மாதிரியே கர்ப்பப்பைக்குள் வைப்பதுதான், ஆனால் இது ரத்தப் போக்கைக் குறைக்கும். பிரிட்டனில் 571 பெண்களை வைத்து நடந்து 2013-ல் வெளியான ஆராய்ச்சியில், அன்றாட வாழ்க்கை எவ்வளவு தேறியது என்று பார்த்தபோது வளையம் மாத்திரையை விட நன்றாக வேலை செய்தது, இரண்டு வருடத்தில் கர்ப்பப்பை எடுக்க வேண்டி வந்தவர்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் பேர்தான். பெரிய ஃபைப்ராய்டு கட்டி, எதற்கும் அடங்காத ரத்தப் போக்கு, பயாப்ஸியில் தப்பான செல் என்று வந்தால் ஆபரேஷன் சரியான வைத்தியம்தான், அப்போது பயந்து தள்ளிப் போடாதீர்கள்.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும் ஒரு கேள்வி இருக்கிறது: ஓவரியையும், அதாவது சினைப்பையையும், எடுக்கிறீர்களா, ஏன்? 36 வயதில் இரண்டு ஓவரியையும் எடுத்துவிட்டால் அன்றைக்கே மாதவிடாய் முற்றுப்பெற்ற உடம்பாகிவிடும். எலும்பு சீக்கிரம் தேயும், இதய நோய் வாய்ப்பு கூடும். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது பற்றிய வழக்கில், மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலை மூன்று மாதத்துக்குள் அமல்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. நாட்டில் இது எவ்வளவு பெரிய பிரச்சனையாகிவிட்டது என்பதற்கு அது போதும். இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சின்னத் துளை போட்டுச் செய்வது, ரோபோ வைத்துச் செய்வது இதெல்லாம்தானே நல்லது?

பித்தப்பைக்குத் துளை போட்டுச் செய்வது நல்லது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் எல்லா ஆபரேஷனுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. 2018-ல் வந்த ஒரு முடிவு எங்கள் மாதிரி தியேட்டர் ஆட்களை உலுக்கிவிட்டது. ஆரம்ப நிலை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள 631 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கம் வயிற்றைத் திறந்தும் இன்னொரு பக்கம் லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ வழியாகவும் செய்தார்கள். நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், திறந்து செய்ததில் 100-க்கு 96-க்கு மேல், துளை போட்டதில் 86. உயிரிழப்பும் துளை போட்ட பக்கம்தான் அதிகம். அதுவரை உலகம் முழுக்க நல்லது என்று நம்பிச் செய்துகொண்டிருந்த ஒன்று.

ஆஸ்திரேலியாவில் புரோஸ்டேட் ஆபரேஷனில் ரோபோவையும் திறந்து செய்வதையும் ஒப்பிட்டபோது, சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. தழும்பின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த நோய்க்கு, இந்த முறையில், நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

ஸ்டென்ட் வைத்தாலும் பயனில்லை என்று ஒரு செய்தி, பயன் உண்டு என்று இன்னொரு செய்தி. எது உண்மை?

இரண்டும். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும், அதில் விவாதமே இல்லை, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சம்மதியுங்கள். பேச்செல்லாம், மாடி ஏறினால் நெஞ்சு பிடிக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்கிற நிலையான நெஞ்சு வலியைப் பற்றித்தான். பிரிட்டனில் 2017-ல், நல்ல அளவில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 200 பேரில் பாதிப் பேருக்கு நிஜ ஸ்டென்ட், பாதிப் பேருக்கு வைத்த மாதிரி மட்டும் செய்தார்கள். ஆறு வாரத்தில் நடக்கும் திறனில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதே குழு 2023-ல், வலிக்கான மாத்திரையை நிறுத்திவிட்டு 301 பேரிடம் செய்தபோது ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. அதாவது மாத்திரை செய்யும் வேலையில் ஒரு பகுதியை ஸ்டென்டும் செய்கிறது. ஆயுள் கூடுமா என்றால், 5,179 பேரை வைத்து 37 நாடுகளில் நடந்து 2020-ல் வெளியான ஆராய்ச்சியில் நிலையான நோய் உள்ளவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. இடது பக்க முக்கிய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு இது பொருந்தாது.

சதவீதம் போட்டால் குழம்பிவிடுகிறது. எப்படிப் புரிந்துகொள்வது?

100 பேர் ஒரு பஸ்ஸில் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதில் எத்தனை பேருக்கு என்ன ஆனது என்று எண்ணிப் பாருங்கள். இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,301 பேரை வைத்து, வயிற்று ஆபரேஷனில் காயத்தைத் தைப்பதற்கு முன்பு கையுறையையும் கருவிகளையும் புதிதாக மாற்றினால் சீழ் பிடிப்பது குறையுமா என்று பார்த்தார்கள், 2022-ல் முடிவு வந்தது. மாற்றாதபோது 100-க்கு 19 பேருக்குப் புண் சீழ் பிடித்தது, மாற்றியபோது 16 பேருக்கு. இதையே "கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைந்தது" என்றும் எழுதலாம், "100-க்கு மூன்று பேர் தப்பித்தார்கள்" என்றும் எழுதலாம். இரண்டுமே பொய் இல்லை, ஆனால் உங்களுக்குப் பயன்படுவது இரண்டாவது. சதவீதம் சொன்னால், 100 பேரில் எத்தனை பேர் எத்தனை ஆனார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். எனக்கு இந்த ஆராய்ச்சி ரொம்பப் பிடிக்கும், ஒரு ஜோடி கையுறையும் சுத்தமான கருவியும்தான் செலவு, எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் செய்யலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் நாம் செய்ய வேண்டியதைப் பற்றி ஆராய்ச்சி ஏதாவது சொல்கிறதா?

நிறையச் சொல்கிறது, இதைத்தான் யாரும் செய்தியாகப் போடுவதில்லை.

பீடி, சிகரெட், புகையிலையை நிறுத்துங்கள், நாலு வாரத்துக்கு முன்பே. நிறுத்தியவர்களுக்குப் புண் ஆறுவதும் நுரையீரலும் நன்றாக இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, நாலு வாரத்துக்கு மேல் கூடும் ஒவ்வொரு வாரமும் லாபம். சுகர் இருந்தால் மூன்று மாதச் சராசரி (HbA1c என்ற ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று பாருங்கள், அவசரமில்லாத ஆபரேஷனுக்குப் பல டாக்டர்கள் அதை 8-க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள்.

முந்தின நாள் வீட்டில் பிளேடு வைத்துச் சிரைத்துக்கொண்டு வராதீர்கள். பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறலில்தான் கிருமி நுழைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதலிலேயே பிளேடு வேண்டாம், தேவைப்பட்டால் கிளிப்பர் மட்டும் என்று இருக்கிறது. ஊரில் நாவிதரைக் கூப்பிட்டுச் சிரைத்து அனுப்புகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் விட்டுவிட வேண்டும். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் போதும்.

வெறும் வயிறு என்றால் முந்தின நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர்கூட இல்லாமல் காய்வது என்று அர்த்தமில்லை. இட்லி மாதிரி லேசான சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்பு வரை, தெளிந்த தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை என்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு இன்றைய கணக்கு. கடுங்காபி தெளிந்த தண்ணீரில் சேரும், பால் கலந்துவிட்டால் அது சாப்பாடு. ஏற்காட்டு ஆட்களிடம் இதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன், காலையில் காபி இல்லாமல் அவர்களுக்குத் தலைவலி வந்துவிடும். இருந்தாலும் உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொன்ன நேரம்தான் கடைசி. எடை குறைக்கவோ சுகருக்கோ செமாக்ளூடைட் மாதிரி மருந்து எடுத்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, மலையில் கொடுத்த பச்சிலை, ஆடுகிற பல், எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

கொலுசும் மெட்டியும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். ரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி வைப்பார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடும் ஆபத்து உண்டு. நம்மூரில் பத்து வருடமாகக் கழற்றாத மெட்டியைச் சோப்பு போட்டுக் கழற்றியே எங்களுக்கு நேரம் போகும்.

தியேட்டரில் பேர் என்ன, எந்தப் பக்கம் என்று மூன்று பேர் வந்து கேட்டார்கள். அவர்களுக்கே தெரியாதா?

தெரியும். தெரிந்தும் கேட்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனம் 19 கேள்விகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களில் வைத்துப் பார்த்தது, 2009-ல் முடிவு வந்தது. பட்டியல் வந்த பிறகு உயிரிழப்பு 100-க்கு 1.5-லிருந்து 0.8 ஆனது, சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆனது. சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லுங்கள். யாருமே கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள்: என் பேர் இது, வலது பக்கம், இந்த மருந்து எனக்கு ஒத்துக்காது.

எங்களை ஒரு ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

சேரலாம், நல்ல காரியம், மேலே சொன்ன அத்தனையும் யாரோ ஒருவர் சேர்ந்ததால்தான் நமக்குத் தெரிந்தது. இந்தியாவில் நடக்கும் ஆராய்ச்சிகளைப் பதிவு செய்யும் அரசுப் பட்டியல் இருக்கிறது, சி.டி.ஆர்.ஐ என்பார்கள், அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழில் எழுதிய சம்மதப் படிவம் வேண்டும். நடுவில் விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது என்று அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது டாக்டரிடம் போனால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரா? காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா?

நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். ரிப்போர்ட், ஸ்கேன், கேஸ் ஷீட் நகல் எல்லாம் கேட்டு வாங்குங்கள், நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-லிருந்தே மருத்துவக் கவுன்சில் விதி. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் செல்லும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். உங்கள் ஆபரேஷன் அந்த ஆஸ்பத்திரியில் திட்டத்துக்குள் வருகிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு நான் ஒரே ஒரு வரியை எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்: "சார், இந்த ஆபரேஷன் இப்போது செய்யாமல் விட்டால் எனக்கு என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும்?" அண்ணனுக்கு 2011-ல் நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய வரி அது. இதற்கு வரும் பதிலில் அவசரமா இல்லையா என்பது தெரிந்துவிடும். பதிலைப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள், பதற்றத்தில் பாதி காதில் விழாது.

ஆபரேஷன் முடிந்து எப்போது மலைக்குத் திரும்பலாம்?

துளை போட்ட பித்தப்பை, ஹெர்னியா என்றால் டாக்டர் அனுப்பிய பிறகு இரண்டு மூன்று நாளில் போகலாம், வளைவுகளில் வயிறு குலுங்கும், அதனால் பஸ்ஸை விடக் கார் நல்லது, தையல் மேல் ஒரு சின்னத் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முட்டியோ இடுப்போ மாற்றியவர்களும், கேன்சர் ஆபரேஷன் செய்தவர்களும் உடனே ஏற வேண்டாம். காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து அவர்களுக்குச் சில வாரம் வரை உண்டு. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடிவாரத்திலோ கன்னங்குறிச்சியிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால், முதல் தடவை காயத்தைக் காட்டித் தையல் பிரிக்கும்வரை அங்கேயே தங்கிவிடுங்கள்.